பெயரின் விலை: இணைய ஆள்களப் பெயர்களின் பெறுமதி பற்றிய ஓர் அறவியல் நோக்கு

மனித சமுதாயம் ஆக்கிக்கொண்டவற்றுள் பெயர் தனித்தன்மை வாய்ந்தது. வீட்டைக் கட்டியவன் அதில் வாழலாம். நெல்லை விளைவித்தவன் அதனை உண்ணலாம். பெயரோ அதனைத் தாங்குபவனிலும் பார்க்க, அதனைச் சொல்லி அழைக்கும் பிறராலேயே பெரிதும் பயன்படுத்தப்படுவது. பிறர் வாயிலும் நினைவிலும் வாழும் இத்தகைய ஒன்றைத் தமது உடைமை எனக் கொண்டு விலை கூறி விற்றல் பொருந்துமா என்னும் வினா, ஒரு காலத்தில் மெய்யியல் வகுப்புக்கு மட்டும் உரியதாகத் தோன்றியிருக்கும். இணையத்தின் வரவு அதனைச் சந்தைக்குரிய வினாவாகவும் ஆக்கிவிட்டது. 2019ஆம் ஆண்டிலே, குரல் எனப் பொருள்படும் 'வொய்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் '.கொம்' என்னும் ஈற்றுடன் 3 கோடி அமெரிக்க டொலருக்குக் கைமாறிற்று. விற்கப்பட்டது தொழிற்சாலை அன்று, இயந்திரம் அன்று, எவரும் எழுதிய நூலும் அன்று. ஒரு சொல்லும், ஒரு புள்ளியும், அதன் பின் மூன்று எழுத்துக்களுமே விற்கப்பட்டன.

இத்தகைய விற்பனை இரு வினாக்களை எழுப்புகின்றது. இப்பெயரின் பெறுமதி எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பது ஒன்று. அப்பெறுமதியை ஆக்கியவர் யார், எனவே அதனைப் பெறுதற்கு உரியவர் யார் என்பது மற்றையது. முதலாவது வினாவுக்கு விடை கூறுவோர் பலர். இரண்டாவது வினா பெரும்பாலும் கேட்கப்படுவதே இல்லை. முதலாவதற்கு நேர்மையான விடை காண முயல்பவர் இரண்டாவதைத் தவிர்க்க இயலாது என்பதே ஈண்டு நிறுவப்படவேண்டியது.

ஆள்களப் பெயர் என்பது யாது என்பதை முதலில் தெளிவுபடுத்துதல் அவசியமாகும். இணையத்தில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் எண்களாலான முகவரி ஒன்று உண்டு. எண்களை நினைவிற் கொள்ளுதல் மனிதர்க்கு அரிது. ஆகவே எண்ணுக்குப் பதிலாகச் சொல்லைப் பயன்படுத்தும் முறை வகுக்கப்பட்டது. தொடக்கத்திற் கணினிகளின் பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலிற் பேணப்பட்டன. கணினிகள் பெருகியமையால் அப்பட்டியல் பயனற்றதாகவே, 1983இல் போல் மொக்காப்பெற்றிஸ் என்பார் இன்றுள்ள ஆள்களப் பெயர் முறைமையை வடிவமைத்தார். '.கொம்' என்னும் ஈற்றைக் கொண்ட முதற் பெயர் 1985 மார்ச் 15ஆம் திகதி பதிவாயிற்று. அக்காலத்திற் பெயரொன்றைப் பதிவதற்குக் கட்டணம் எதுவும் இருக்கவில்லை. 1995ஆம் ஆண்டிலேயே ஆண்டொன்றுக்கு 50 டொலர் அறவிடும் வழக்கம் தோன்றியது. இன்று அக்கட்டணம் அதனிலும் மிகக் குறைவு. முந்தி விண்ணப்பித்தவருக்கே பெயர் என்பதே பொது விதியாக இருந்து வருகின்றது.

இங்கு கவனிக்கத்தக்க உண்மை ஒன்றுண்டு. பெயரைப் பதிந்தவர் அதனை நிரந்தரமாகப் பெறுவதில்லை. குறித்த காலத்துக்கு ஒரு முறை கட்டணம் செலுத்தும் வரையிலேயே அது அவரிடம் இருக்கும். செலுத்தத் தவறின் அது மீண்டும் பொதுவுக்குச் சென்று வேறொருவரால் பதியப்படலாம். அதாவது, பெயர் உறுதி முடித்து வாங்கிய காணியைப் போன்றதன்று. குத்தகைக் காணியைப் போன்றது. எனினும் அக்குத்தகை உரிமையும் உடைமையாகவே மதிக்கப்படுகின்றது. பொதுச்சொல் ஒன்றாலாகிய ஆள்களப் பெயரொன்று 1995இல் போலிக் கடிதமொன்றின் மூலம் அதனைப் பதிந்தவரிடமிருந்து பறிக்கப்பட்ட வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், அத்தகைய பெயரும் களவாடப்படக்கூடிய ஓர் உடைமையே என 2003இல் தீர்ப்பளித்தது.

இனி, சந்தை இவ்வுடைமையை மதிப்பிடும் முறையை நோக்கலாம். வெறும் பெயரை மதிப்பிடுவோர் அதன் சுருக்கம், எளிதில் நினைவிற் பதியும் இயல்பு, எழுத்துப் பிழையின்றி எழுதப்படக்கூடிய தன்மை, ஈறு, அச்சொல் குறிக்கும் தொழிலிற் புரளும் பணம் ஆகியவற்றை ஆராய்வர். அதனையொத்த பெயர்கள் முன்னர் என்ன விலைக்குச் சென்றன என ஒப்பிடுவர். இணையத்தளம் ஒன்றை மதிப்பிடும் முறை வேறானது. அத்தளம் மாதந்தோறும் ஈட்டும் தேறிய இலாபத்தைக் கணித்து, அதனைச் சில பத்து மடங்காகப் பெருக்கி விலை கூறுதலே பெருவழக்கு. மாதம் 200 டொலர் இலாபம் தரும் தளமொன்றை முப்பது மடங்குக்கு மதிப்பின் அதன் விலை 6,000 டொலராகும். வாசகர் எத்துணைப் பேர், அவர் எவ்வழியாக வருகின்றனர், பிற தளங்கள் எத்துணை அதனைச் சுட்டுகின்றன, நடத்துபவர் விலகிய பின்னும் அது நிலைக்குமா என்பன போன்ற காரணிகள் மடங்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும்.

இவ்விரு மதிப்பீடுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு 'பிஸ்னஸ்.கொம்' என்னும் பெயரின் வரலாறு தக்க சான்றாகும். 1990களில் அது 150,000 டொலருக்கு வாங்கப்பட்டது. 1999இல் 75 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. 2007இல், அப்பெயரில் எழுந்த நிறுவனம் முழுவதும் ஏறத்தாழ 34 கோடியே 50 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. இவற்றுள் மூன்றாவது விலையில் ஊழியர்களின் உழைப்பும், திரட்டப்பட்ட தகவல்களும், வாடிக்கையாளர் தொடர்பும் அடங்கியிருந்தன. ஆயின் முதலாம் விலைக்கும் இரண்டாம் விலைக்கும் இடையிலான பெருந்தொகையை எவருடைய உழைப்பைக் கொண்டு விளக்குவது? அச்சொல்லின் எழுத்துக்கள் கூடவில்லை, பொருள் மாறவில்லை. மாறியது உலகமே. அவ்வாண்டுகளில் இலட்சோபலட்சம் மக்கள் இணையத்துக்கு வந்தனர். வணிகர் அவர்களைத் தேடி வந்தனர். பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

உழைப்பே பெறுமதியின் ஊற்று என்னும் கொள்கை இவ்விடத்திற் பயன்படாது என்பது வெளிப்படை. அக்கொள்கையை வளர்த்தோரும் அதன் எல்லையை அறிந்தேயிருந்தனர். 1817இல் வெளிவந்த தமது நூலில் டேவிட் ரிக்காடோ, அரிய சிலைகள், ஓவியங்கள், பழைய நாணயங்கள் போன்றவற்றின் பெறுமதி அவற்றின் அருமையாலேயே தீர்மானிக்கப்படுகின்றது எனக் கூறி, அவற்றைத் தம் பொது விதியிலிருந்து விலக்கினார். கார்ல் மார்க்ஸ் இன்னும் ஒருபடி மேற்சென்றார். மனச்சான்று, மானம் முதலியவற்றையும் அவற்றை உடையோர் விற்க முன்வரலாமாதலின், உழைப்பாலாகிய பெறுமதி சிறிதும் இல்லாத ஒன்றும் விலையைப் பெறுதல் கூடும் என்பதை 'மூலதனம்' முதற்பாகத்தில் அவர் எடுத்துக்காட்டினார். பண்படுத்தப்படாத நிலத்தின் விலையும் அவர் காட்டிய உதாரணங்களுள் ஒன்று. ஆள்களப் பெயரும் அவ்வகையினதே: பெறுமதியின்றி விலை பெற்றது.

நிலத்தோடு ஒப்பிடுதல் இங்கு மிகவும் பொருத்தமானது. நாற்சந்தியொன்றின் அருகே பற்றைக்காடாய்க் கிடக்கும் பத்துப் பரப்புக் காணியை எண்ணிப் பார்க்கலாம். வீதி அகலமாக்கப்படுகின்றது, பஸ் நிலையம் வருகின்றது, பாடசாலையும் வைத்தியசாலையும் எழுகின்றன. காணிக்காரர் ஒரு பற்றையையேனும் வெட்டாதிருக்கவும் காணியின் விலை பன்மடங்காகின்றது. இத்தகைய ஏற்றத்தை உழைத்துப் பெறாத மிகை என யோன் ஸ்ருவட் மில் கருதினார். 1879இல் 'முன்னேற்றமும் வறுமையும்' என்னும் நூலை வெளியிட்ட ஹென்றி ஜோர்ஜ், நிலத்தின் பெறுமதி சமுதாயத்தால் ஆக்கப்படுவதாகலின் அது வரியாகச் சமுதாயத்துக்கே மீளவேண்டும் என வாதிட்டார். சொல்லுக்கு இவ்வாதம் நிலத்திலும் பார்க்கக் கூடுதலாகப் பொருந்தும். நிலம் எவராலும் ஆக்கப்படாதது. சொல்லோ அனைவராலும் ஆக்கப்பட்டது. 'குரல்' என்னும் கருத்துக்குரிய ஆங்கிலச் சொல்லைப் பல நூற்றாண்டுகளாகப் பேசிப் பேணியவர் பலகோடிப் பேர். அதனைப் பதிந்தவர் அவருள் ஒருவர், அவ்வளவே.

இவ்வுண்மையைத் தமிழ்ச் சொற்களின் நிலை மேலும் தெளிவாக்கும். 2010இல் '.இலங்கை' என்னும் தமிழ் ஈறு சிங்கள ஈற்றுடன் சேர்த்து இணையத்திற் சேர்க்கப்பட்டது. இன்று 'குரல்' என்னும் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே ஆள்களப் பெயராக அமைத்தல் இயலும். எனினும் அதற்கு மூன்று கோடி டொலர் கொடுப்பார் இலர். தமிழ்ச் சொல் பொருளாற் குறைந்ததன்று, வயதால் இளையதுமன்று. அதனைத் தட்டச்சுச் செய்து வருவோர் சிலர் என்பதும், அவர் கையிலுள்ள பணம் சிறிது என்பதுமே வேறுபாடு. ஆகவே விலை அளப்பது சொல்லையன்று; அச்சொல்லைச் சூழ்ந்த மக்கட் கூட்டத்தையும் அதன் கொள்வனவு வலிமையையுமே. விலை குறைந்த மொழியைப் பெறுமதி குறைந்த மொழி என எண்ணும் மயக்கத்திலிருந்து விடுபட இவ்வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது.

முந்தி வந்தவருக்கே பெயர் என்னும் விதிக்கு அறவியல் அடிப்படை உண்டா? பொதுவாயிருந்த ஒன்றைத் தன் உழைப்போடு கலப்பவன் அதனை உடைமையாக்குகிறான் என்றார் யோன் லொக். ஆனால் பிறர்க்கும் போதுமான அளவும் அதே தரத்திலும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையையும் அவர் விதித்தார். ஆற்றிலே நீர் அள்ளுபவன் இந்நிபந்தனையை மீறுவதில்லை. ஆள்களப் பெயரைப் பொறுத்தவரை அது நிறைவேறுதல் அரிது. ஒவ்வொரு பெயரும் ஒன்றே. ஒருவர் எடுத்தபின் அதே தரத்தில் மற்றொன்று எஞ்சுவதில்லை. முந்துதல் வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதியான விதியாகலாம். அது பெயரைப் பயன்படுத்தும் உரிமையைத் தரும். பெயரின் முழு விலையும் தமது படைப்பே எனக் கூறும் உரிமையை அது தருவதில்லை.

இதற்கு எதிராகக் கூறப்படும் நியாயங்களைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. இணையம் வளருமா மடியுமா என எவரும் அறியாத காலத்தில் பெயரைப் பதிந்தவர் துணிவோடு பணத்தை இட்டவர். பதியப்படும் பெயர்களுட் பெரும்பாலானவை ஒருபோதும் விலை போவதில்லை. அவற்றுக்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தவேண்டும். மேலும், விலை என ஒன்று இருப்பதனாலேயே பெயர் அதனை நன்கு பயன்படுத்தக்கூடியவரிடம் சென்று சேர்கின்றது. விலை இல்லையேல் செல்வாக்கோ குலுக்கலோ அதனைத் தீர்மானிக்கும். இவை வலிவுள்ள நியாயங்களே. ஆயினும் இவை நிறுவுவது இடருக்கு ஒரு கூலி உண்டு என்பதை மட்டுமே. இடரேற்றலும் ஆக்குதலும் ஒன்றல்ல. மேலும், பிறர் தொழிலுக்குத் தேவைப்படும் பெயர்களை ஆயிரக்கணக்கிற் பதிந்து, எதையும் கட்டாமல், தேவையுடையவர் வரும்வரை காத்திருப்பவர் பெயரை உரியவரிடம் கொண்டு சேர்க்கும் தரகர் ஆகார். வழியில் வேலியிட்டு நிற்பவர் என்றே அவரைக் கூறுதல் தகும்.

நாடுகளுக்குரிய ஈரெழுத்துக் குறியீடுகளின் வரலாறு இப்பிரச்சினையைத் தனிமனிதரிலிருந்து சமுதாயங்களுக்கு விரிக்கின்றது. பசுபிக் கடலிலுள்ள துவாலு என்னும் சிறிய தீவு நாட்டுக்குக் கிடைத்த குறியீடு '.ரிவி'. அது தொலைக்காட்சியின் ஆங்கிலச் சுருக்கமாக அமைந்தமை தற்செயலே. 2000ஆம் ஆண்டிலே அதனைப் பயன்படுத்தும் உரிமையை, பல ஆண்டுகளிற் செலுத்தப்படும் 5 கோடி டொலருக்கு அந்நாடு ஒரு நிறுவனத்துக்கு வழங்கியது. அவ்வருவாயின் உதவியோடு அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்புரிமையும் பெற்றது. கரிபியக் கடலிலுள்ள அங்குயிலாவின் குறியீடு '.ஏஐ'. செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலச் சுருக்கமும் அதுவே. 2022இன் இறுதியில் அத்துறையில் எழுந்த பேராரவாரத்தின் பின்னர், 2023இல் இக்குறியீட்டால் அத்தீவின் அரசு பெற்றது ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சம் அமெரிக்க டொலர். அது அரசிறையின் ஐந்திலொரு பங்கிலும் அதிகம். இவ்விரு தீவினரும் அச்சுருக்கங்களை ஆக்கியவர் அல்லர். எனினும் எவரும் உழைக்காத மிகை பொதுப் பணமாயிற்று. அது ஹென்றி ஜோர்ஜ் கனவுகண்ட நிலவரிக்கு நெருங்கிய ஒன்று எனலாம்.

இந்து சமுத்திரத்திலுள்ள சாகோஸ் தீவுகளின் கதை இதற்கு நேர்மாறானது. டியேகோ கார்சியாவில் இராணுவத் தளம் அமைக்கும்பொருட்டு 1968 முதல் 1973 வரையான ஆண்டுகளில் அத்தீவுகளின் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். அப்பிரதேசத்துக்குரிய '.ஐஓ' என்னும் குறியீடு 1997இல் ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. உள்ளீடு, வெளியீடு என்னும் கணினிக் கலைச்சொற்களின் ஆங்கில முதலெழுத்துக்களாகவும் அது அமைந்தமையால் தொழில்நுட்ப நிறுவனங்கள் அதனை விரும்பி ஏற்றன. வேறு சில குறியீடுகளையும் நிருவகித்து வந்த அந்நிறுவனம் 2017இல் 7 கோடி டொலருக்கு விற்கப்பட்டது. ஊரை இழந்தவர்களுக்கு அவ்விற்பனையிற் பங்கு இருக்கவில்லை. 'இக்குறியீட்டின் பெறுமதி எவ்வளவு?' என்னும் வினாவுக்கு 7 கோடியை உள்ளடக்கிய ஒரு விடை உண்டு. 'யாருடைய பெறுமதி?' என வினவும்போதோ அக்கணக்கில் எழுதப்படாத பக்கமொன்று தெரியவருகின்றது.

பெயர் சொல்லாகவும் நாடாகவும் மட்டுமன்றி, ஒரு மனிதனாகவும் அமைதல் உண்டு. 1785இல் இமானுவேல் காண்ட், உலகிலுள்ளவை விலையுடையன, மாண்புடையன என இருவகைப்படும் என்றார். விலையுடையதன் இடத்தில் அதற்கீடான வேறொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடு இல்லை. ஊசி நிஸான் என்னும் அமெரிக்க வணிகர் தமது குடும்பப் பெயராலேயே தொழில் நடத்தி, 1994இல் 'நிஸான்.கொம்' என்னும் பெயரைப் பதிந்தார். யப்பானிய மோட்டார் நிறுவனத்தின் பெயர் 'நிப்பொன் சங்யோ' என்பதன் சுருக்கம். அவருடையதோ அவரது குடும்பத்தினது. இரு வேறு ஊற்றுக்களிற் பிறந்த ஒரே ஓசைக்கு இருவர் உரிமை கோரினர். 1999இல் அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகள் நீடித்த வழக்கின் பின்னரும் பெயர் அவரிடமே இருந்தது. 2020இல் அவர் மறையும்வரை அவர் அதனை விட்டுக்கொடுக்கவில்லை. சந்தையின் கண்ணுக்கு இது பிடிவாதமாகத் தோன்றலாம். காண்ட்டின் கண்கொண்டு நோக்கின், ஒரு பெயர் அதனை வாங்க விரும்புபவருக்கு விலையுடையதாகவும், அதனைத் தாங்குபவருக்கு மாண்புடையதாகவும் ஒரே வேளையில் இருத்தல் கூடும் என்பது புலனாகும்.

மாண்பின் பெயரால் எழும் ஒவ்வொரு கோரிக்கையும் ஏற்கத்தக்கதன்று என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆள்களப் பெயர்ப் பிணக்குகளுக்கான பொது நடைமுறை 1999இல் வகுக்கப்பட்டது. பதிந்தவர் தீய நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்தினாரா என்பது அதன் முக்கிய வினாக்களுள் ஒன்று. அதன்கீழ் 2000ஆம் ஆண்டிலே 'ஸ்ரிங்' என்னும் புனைபெயருடைய புகழ்பெற்ற பாடகர் அப்பெயரைக் கோரினார். அது ஆங்கிலத்திற் பொதுவாக வழங்கும் ஒரு சொல் என்பதைக் கருத்திற்கொண்டு கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பொதுச்சொல்லை எவ்வளவு புகழ் கொண்டும் தனியுடைமையாக்க இயலாது என்னும் நியாயம் இங்கு தலைகாட்டுகின்றது. ஆனால் அதே பொதுச்சொல்லைப் பணம் கொண்டு தனியுடைமையாக்கலாம் என்பதில் அந்நடைமுறை எவ்வித முரண்பாட்டையும் காணவில்லை.

இறுதியாக, பெயரோடு தளமும் விற்கப்படும் நிலையை ஆராய்தல் வேண்டும். தளத்தை நடத்தியவர் எழுதினார், திருத்தினார், ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அவ்வுழைப்புக்கு விலை பெறுதல் முற்றிலும் நியாயமே. ஆயினும் அவர் பெறும் விலையின் ஒரு பகுதி கணக்கியலார் நன்மதிப்பு எனக் குறிப்பிடும் பொருளுக்கானது. வாசகர் நம்பி வருகின்றனர்; பிறர் தம் தளங்களிலிருந்து இதனைச் சுட்டுகின்றனர். அச்சுட்டல்கள் விலைக்குத் தரப்பட்டவையல்ல. 'இவர் கூறுவது நம்பத்தக்கது' என ஒருவரையொருவர் அறிந்தோர் வழங்கிய சான்றுகள். நோய்கள் பற்றி எளிய மொழியில் விளக்கிய தளமொன்று விற்கப்பட்டபின், அதே பெயரிலும் அதே முகத்தோடும் சூதாட்ட விளம்பரங்களைத் தாங்கி நிற்றல் இணையத்தில் நிகழக்கூடாத ஒன்றன்று. கைவிடப்பட்ட பெயர்களை அவற்றைச் சுட்டும் இணைப்புகளுக்காகவே தேடி வாங்கும் வணிகமும் உண்டு. அங்கு விற்கப்படுவது விற்பவரின் உழைப்பன்று. பிறர் அவரிடம் வைத்த நம்பிக்கை. நம்பிக்கையை ஒருவர் பெறலாம், காக்கலாம், இழக்கலாம். அதனை வைத்தவர் அறியாமல் மூன்றாமவருக்கு மாற்றிக் கொடுத்தல் அவரால் இயலுமா என்பது ஐயத்துக்குரியது. இயலும் எனச் சந்தை கூறுகின்றது. ஆனால் மாறிய பின்னர் அது நம்பிக்கையாக இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, பெயர் விற்றல் பாவம் என்னும் முடிவோ, கிடைக்கும் விலையே நியாய விலை என்னும் முடிவோ பொருந்தாதென்பது தெளிவு. விலையின் உள்ளே பல கூறுகள் கலந்துள்ளன. உழைப்புக்குரிய கூறு விற்பவருக்கு உரியது. இடருக்குரிய கூறும் அளவோடு அவருக்கே உரியது. மொழியும் மக்கட் பெருக்கமும் தற்செயலும் ஆக்கிய கூறு அவர் கைக்கு வந்து சேர்ந்ததேயன்றி அவரால் ஆனதன்று. ஆண்டுக் கட்டணம் என்னும் வடிவில் அக்கூறு ஓரளவேனும் பொதுவுக்கு மீளக்கூடும் என்பதை அங்குயிலா காட்டுகின்றது. மீளாது போகலாம் என்பதைச் சாகோஸ் காட்டுகின்றது. வாசகரின் நம்பிக்கையாகிய கூறோ, வாங்குபவர் அதனைக் காப்பார் என்னும் உறுதியோடு மட்டுமே கைமாறத்தக்கது.

'இப்பெயர் எவ்வளவு பெறும்?' என மதிப்பீட்டாளரை வினவுபவர், 'அதில் என்னுடையது எவ்வளவு?' எனத் தம்மையும் வினவுதல் வேண்டும். முதல் வினாவுக்கு ஒப்பீடுகளும் மடங்குகளும் விடை தரும். இரண்டாம் வினாவுக்கு விடை காண்பவர், விற்றுப் பெற்ற பணத்தில் ஒரு பகுதி பலர் சேர்ந்து ஈட்டியது என்பதை அறிந்தே அதனைச் செலவிடுவார். அவ்வறிவு விலையைக் குறைக்காது. யாருக்கு விற்பது, எதற்கு விற்பது என்னும் தேர்வை மாற்றக்கூடும்.